ஐசுவரியவானும் லாசருவும்: பாதாளத்தின் வரைபடமா, உவமையா?

சாவுக்குப் பின் என்ன என்ற கேள்வி எழுந்தால் தமிழ்ச் சபைகளில் பலரும் முதலில் புரட்டுவது லூக்கா 16-ஆம் அதிகாரத்தைத்தான். அடக்க ஆராதனையில் வாசிப்பார்கள், எழுப்புதல் கூட்டத்தில் வாசிப்பார்கள். "நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று பேசும் யூடியூப் சாட்சிகளிலும் அதே பகுதிதான் ஆதாரமாக வந்து நிற்கும். மறுபக்கம், "அது வெறும் உவமை, அதற்குமேல் ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. உவமை என்றால் பொய்க்கதை என்று இரு தரப்புமே எண்ணிக்கொள்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## வசனங்களில் உள்ளது என்ன

பகுதி சிறியது: 19 முதல் 31 வரை 13 வசனங்கள். இரத்தாம்பரமும் மெல்லிய உடையும் உடுத்திய ஒரு ஐசுவரியவான் தினமும் விருந்தும் கொண்டாட்டமுமாக வாழ்கிறான். அவன் வாசலருகே லாசரு என்ற தரித்திரன் உடலெல்லாம் பருக்களோடு கிடக்கிறான். மேஜையிலிருந்து விழும் துணிக்கைகள் கிடைத்தால் போதும் என்பது அவன் ஆசை. நாய்கள் வந்து அவன் புண்ணை நக்குகின்றன. இருவரும் இறக்கிறார்கள். லாசரு தேவதூதரால் ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோகப்படுகிறான். ஐசுவரியவான் அடக்கம்பண்ணப்பட்டு, பாதாளத்தில் வேதனைப்படுகிறான்.

அங்கிருந்து அவன் மூன்று முறை ஆபிரகாமிடம் கேட்கிறான். முதலில், லாசரு விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்துத் தன் நாவைக் குளிரப்பண்ண வேண்டும் என்கிறான். நடுவே பெரும்பிளப்பு இருக்கிறது, முடியாது என்று பதில் வருகிறது. அடுத்து, தன் ஐந்து சகோதரரை எச்சரிக்க லாசருவை அனுப்பச் சொல்கிறான். மோசேயும் தீர்க்கதரிசிகளும் அவர்களுக்கு உண்டு என்கிறார் ஆபிரகாம். மரித்தவன் ஒருவன் போனால் கேட்பார்களே என்று மூன்றாம் முறை வாதிடுகிறான். மோசேக்குச் செவிகொடாதவர்கள் மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்துபோனாலும் நம்பமாட்டார்கள் என்பதோடு பேச்சு முடிகிறது.

13 வசனங்களில் 8 வசனங்கள் இந்த உரையாடலுக்கே போகின்றன. கடைசி 5 வசனங்கள் முழுக்க உயிரோடிருக்கும் ஐந்து பேரைப் பற்றியவை. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

## உவமை என்பது என்ன

புதிய ஏற்பாட்டில் உவமைக்கு வரும் கிரேக்கச் சொல் 'பரபொலே'. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைப்பது என்பது அதன் பொருள். அதற்குப் பின்னால் இருக்கும் எபிரெயச் சொல் 'மாஷால்' இன்னும் அகலமானது: பழமொழி, விடுகதை, ஒப்புமைக் கதை எல்லாம் அதற்குள் அடங்கும்.

தமிழ் இலக்கணம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்' என்ற 475-ஆம் குறளை வண்டியில் பாரம் ஏற்றும் முறை என்று யாரும் படிப்பதில்லை. அது வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. அரசன் பகைவரின் பலத்தை எடைபோடுவதைப் பற்றியது. பொருளைச் சொல்லாமல் ஒப்புமையை மட்டும் சொல்லி நிறுத்துவதால் இதைப் பிறிதுமொழிதல் அணி என்கிறோம். மயிற்பீலி எந்த நாடு, அச்சு எந்த அமைச்சர் என்றும் யாரும் கேட்பதில்லை. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமம் வேறு வகை. அங்கே காட்சியின் ஒவ்வொரு கூறுக்கும் மறைபொருள் ஒன்று பொருந்தி வரும். இயேசுவின் உவமைகளில் பெரும்பாலானவை முதல் வகைக்கு நெருக்கம். சில இரண்டாம் வகைக்கு. விதைக்கிறவன் உவமைக்கும் களைகள் உவமைக்கும் (மத்தேயு 13) கூறு கூறாகப் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது.

உவமையை நடந்த செய்தியாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதை வேதாகமமே ஓரிடத்தில் காட்டுகிறது. 2 சாமுவேல் 12-இல் நாத்தான் தாவீதிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி அடித்த செல்வனைப் பற்றிச் சொல்கிறார். தாவீது அதை வழக்காகவே எடுத்துக்கொள்கிறான். கோபம் மூள்கிறது, நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறான். ஆட்டுக்குட்டியின் கணக்கு வரை சரியாகப் போட்டவனுக்குக் கதை தன்னைப் பற்றியது என்று தெரியவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது.

## "உவமை என்று எழுதவில்லையே" என்ற வாதம்

நேர்பொருள் தரப்பின் முதல் இரண்டு வாதங்கள் இவை.

1. இயேசு இதை உவமை என்று சொல்லவில்லை. உண்மைதான். ஆனால் நல்ல சமாரியன் (10:30), பெரிய விருந்து (14:16), கெட்ட குமாரன் (15:11), உக்கிராணக்காரன் (16:1) ஆகியவற்றுக்கு முன்னாலும் லூக்கா அப்படி எழுதவில்லை. 16:1-உம் 16:19-உம் கிரேக்கத்தில் ஏறத்தாழ ஒரே தொடக்கம்: 'ஒரு மனுஷன் இருந்தான், ஐசுவரியவான்'. லூக்காவில் இது கதை தொடங்கும் வாய்பாடு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள பேசா என்ற பழைய கையெழுத்துப் பிரதியோ 19-ஆம் வசனத்தின் முன்னால் "வேறொரு உவமையையும் சொன்னார்" என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. அது மூல வாசகம் அல்ல. ஆனால் பழைய வாசகர்கள் இதை எப்படிப் படித்தார்கள் என்பதற்குச் சாட்சி.

2. லாசரு என்று பெயர் இருக்கிறதே. இதே கதையில் வரும் ஆபிரகாமைத் தவிர, இயேசுவின் உவமைகளில் பெயருள்ள ஒரே பாத்திரம் இவன்தான். ஆதிச் சபை எழுத்தாளரான கார்த்தேஜ் ஊர்த் தெர்த்துல்லியன் இதையே கேட்டார்: நடந்ததில்லை என்றால் பெயர் எதற்கு? பெயரின் பொருளைப் பார்த்தால் விடை தெரியும். லாசரு என்பது எலெயாசர் என்ற எபிரெயப் பெயரின் சுருக்கம். 'தேவன் உதவினார்' என்று பொருள். வாசலில் கிடந்தவனுக்கு மனிதர் யாரும் உதவாத கதையில், அவன் பெயரே கதையின் பாதியைச் சொல்லிவிடுகிறது. ஊரறிந்த செல்வனுக்குப் பெயரில்லை, யாரும் திரும்பிப் பார்க்காதவனுக்குப் பெயர் உண்டு. அந்தத் தலைகீழும் வேண்டுமென்றே செய்ததுதான். பெயரில்லாத வெற்றிடம் படியெடுத்தவர்களை உறுத்தியிருக்கிறது. பி75 என்று குறிக்கப்படும் பழைய பப்பிரஸ் செல்வனுக்கு 'நெவேஸ்' என்று ஒரு பெயரைச் செருகியிருக்கிறது.

## சொல்லுக்குச் சொல் படித்தால் எங்கே இடறும்

1. உடலுறுப்புகள். ஐசுவரியவானின் உடல் அடக்கம்பண்ணப்பட்டாயிற்று. இருந்தும் கண், நாவு, விரல் நுனி எல்லாம் இருக்கின்றன. ஆத்துமாவுக்கும் ஒருவித உடல் உண்டு என்று தெர்த்துல்லியன் இதை வைத்து வாதிட்டார். அதை ஏற்காதவர்கள் இங்கே உருவகத்தை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் இதை உண்மை நிகழ்ச்சி என்றே கருதினார். அவரே விரலையும் நாவையும் மடியையும் உருவகம் என்கிறார். 'முழுக்க நேர்பொருள்' என்பது நேர்பொருள் தரப்பிலேயே பலருக்கு இயலாத நிலை.

2. காரணம். ஐசுவரியவான் கொலைகாரன், நாத்திகன் என்று எதுவும் எழுதப்படவில்லை. லாசரு விசுவாசி என்றும் எழுதப்படவில்லை. 25-ஆம் வசனம் தரும் காரணம் ஒன்றே: நீ நன்மைகளை அனுபவித்தாய், அவன் தீமைகளை அனுபவித்தான். இதை விதியாக எடுத்தால் பணக்காரர் எல்லாரும் அக்கினிக்கு, ஏழைகள் எல்லாரும் ஆறுதலுக்கு. ஆபிரகாமே ஆதியாகமம் 13:2-இன்படி பெரும் செல்வர். இந்த வசனத்தை மட்டும் யாரும் நேர்பொருளில் பிரசங்கிப்பதில்லை. அக்கினியை நேராகவும் காரணத்தை உருவகமாகவும் எடுப்பதற்கு என்ன அளவுகோல் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை.

3. இடம். தமிழ் வாசகர்களுக்கு இது மிக முக்கியம். பழைய திருப்புதல் 23-ஆம் வசனத்தில் 'பாதாளத்திலே' என்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பும் பாதாளம் என்றே எழுதுகிறது. மூலத்தில் இருப்பது 'ஹாதேஸ்': மரித்தோரின் இடம், பழைய ஏற்பாட்டின் 'ஷேயோல்'. நரகம் என்று தமிழில் வருவது பெரும்பாலும் 'கெஹன்னா' என்ற வேறு சொல். எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. லூக்காவுக்கு அந்தச் சொல்லும் தெரியும், 12:5-இல் எழுதுகிறார். இங்கே எழுதவில்லை. வெளிப்படுத்தல் 20:14-இல் மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்படுகின்றன. அக்கினிக்கடலுக்குள் தள்ளப்படும் ஒன்று அந்தக் கடலாகவே இருக்க முடியாது. ஆகவே 'லூக்கா 16-இல் நரகம்' என்று தலைப்பு வைக்கும் பிரசங்கம் கையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தையே சரியாகப் படிக்கவில்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டது; அதில் வளர்ந்த பிரசங்கக் குறிப்புகள் தமிழுக்கு வந்தபோது குழப்பமும் கூடவே வந்தது.

4. காலம். சகோதரர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். நியாயத்தீர்ப்பு நாள் வரவில்லை. இது இறுதித் தண்டனையின் வருணனை அல்ல என்பதற்குக் கதைக்குள்ளேயே இருக்கும் சான்று இது.

## 'மடி' என்ற ஒரு சொல்

'ஆபிரகாமுடைய மடி' என்றதும் நமக்குத் தோன்றுவது தாத்தா மடியில் உட்கார்ந்த பேரப்பிள்ளை. கிரேக்கச் சொல் 'கொல்பொஸ்'. அதே சொல் யோவான் 13:23-இலும் வருகிறது. அங்கே தமிழில் 'இயேசுவின் மார்பிலே சாய்ந்துகொண்டிருந்தான்' என்று இருக்கிறது. அது கடைசி இராப்போஜனம்.

அன்றைய விருந்து முறையை மனதில் கொண்டுவர வேண்டும். தாழ்வான மேஜையைச் சுற்றி மெத்தை. விருந்தினர் இடது முழங்கையை ஊன்றி, கால்களை வெளிப்பக்கம் நீட்டிச் சாய்ந்திருப்பார்கள். வலது கை சாப்பிட. இப்படிச் சாய்ந்தால் ஒருவரின் தலை இடப்பக்கத்தில் இருப்பவரின் மார்பருகே வரும். அந்த 'மார்பருகே' இருக்கும் இடம்தான் கொல்பொஸ். விருந்தளிப்பவரின் கொல்பொஸில் இருப்பது பெரிய கௌரவம்.

இப்போது கதையைத் திரும்பப் படித்தால் எல்லாம் ஒன்றுகூடி வருகிறது. மேஜையிலிருந்து விழும் துணிக்கைக்காக வாசலுக்கு வெளியே கிடந்தவன், ஆபிரகாமின் பந்தியில் அவருக்குப் பக்கத்து இடத்தில் சாய்ந்திருக்கிறான். தினமும் விருந்துண்டவன் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சுகிறான். வாசலில் இருந்த தூரம் இப்போது பெரும்பிளப்பு. மடியை அறையாகவும் பிளப்பைப் பள்ளத்தாக்காகவும் வரைந்து அளப்பவருக்கு இந்த அழகும் கூர்மையும் தவறிவிடுகின்றன.

உடையும் இப்படித்தான். இரத்தாம்பரச் சாயம் கடல் நத்தையிலிருந்து எடுப்பது. 1909-இல் பவுல் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலார் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் வெறும் 1.4 கிராம். அந்தத் துணியைத் தினமும் உடுத்துகிறவன் என்று சொன்னதுமே, கேட்டவர்களுக்கு அவன் செல்வத்தின் அளவு புரிந்திருக்கும்.

## கதைப்பொருள் எங்கிருந்து வந்தது

1918-இல் ஜெர்மன் அறிஞர் ஹூகோ கிரெஸ்மன் ஒரு எகிப்தியக் கதையை இதனோடு ஒப்பிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பப்பிரஸில், கி.பி. 46-47-ஆம் ஆண்டுக் கிரேக்க ஆவணத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்ட கதை அது. செத்னே என்பவர் இரண்டு சவ ஊர்வலங்களைப் பார்க்கிறார்: ஒன்று ஆரவாரமான செல்வனுடையது, மற்றது பாயில் சுற்றிய ஏழையுடையது. செல்வனைப் போல் சாக வேண்டும் என்கிறார். அவர் மகன் சீ-ஒசிரே அவரை மரித்தோர் உலகுக்கு அழைத்துப்போகிறான். அங்கே ஏழை மெல்லிய சணல் உடையில், மரித்தோரின் தெய்வமான ஒசிரிஸ் அருகே நிற்கிறான். செல்வனின் வலது கண்ணில் கதவின் சுழல்முளை குத்தி நிற்கிறது.

யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான எருசலேம் தல்மூதில் அஸ்கலோன் ஊர்க் கதை ஒன்று உண்டு. பக்திமான் ஒருவர் இறந்தபோது யாரும் வரவில்லை. வரி வசூலிப்பவனின் மகன் இறந்தபோது ஊரே திரண்டது. பிறகு நண்பரின் கனவில், பக்திமான் நீரூற்றுள்ள தோட்டத்தில் உலாவுகிறார். மற்றவன் ஆற்றங்கரையில் நாக்கை நீட்டியும் தண்ணீர் எட்டவில்லை. நாவு, தண்ணீர், எட்டாத தூரம் மூன்றும் இங்கேயும் இருக்கின்றன. தல்மூது பின்னாளில் தொகுக்கப்பட்டது. இயேசு கேட்ட கதை இதுதான் என்று நிறுவ முடியாது. ஆனால் இந்த வகைக் கதை அந்த உலகில் புழங்கியது என்பது தெளிவு.

ஒற்றுமையைவிட வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கதைகளில் மறுமையைக் கண்டவர் ஒருவர் உண்டு. செய்தி உயிரோடிருப்பவர்களுக்கு வந்துசேர்கிறது. லூக்காவில் அந்த வழி இரண்டு முறை கேட்கப்பட்டு இரண்டு முறையும் மறுக்கப்படுகிறது. ஆகவே 'நரகம் போய்த் திரும்பினேன்' என்ற சாட்சிக்கு லூக்கா 16-ஐ ஆதாரமாகக் காட்டுவது நேர்முரண். அப்படி ஒருவரை அனுப்ப வேண்டாம் என்பதே அங்கே ஆபிரகாமின் பதில்.

ஓர் எச்சரிக்கை: முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியரான 'யோசேபஸ் எழுதிய பாதாளச் சொற்பொழிவு' என்று ஒன்றை மேற்கோள் காட்டி, யூதர்கள் இதை இப்படியே நம்பினார்கள் என்பார்கள். அது யோசேபஸ் எழுதியதல்ல. ஆய்வாளர்கள் அதைக் கிறிஸ்தவ எழுத்தாளரான ரோமாபுரி ஹிப்போலிதுவுக்கு உரியது என்கிறார்கள். லூக்காவைப் படித்தவர் எழுதியதை லூக்காவுக்கு முந்தைய சான்றாகக் காட்ட முடியாது.

## அடையாளப் பொருளும் வழிதவறும்

உவமை என்று ஒத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடாது. ஒவ்வொரு துணுக்குக்கும் பொருள் தேடும் பழக்கம் பழையது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போனவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று அகஸ்தீன் நல்ல சமாரியனைப் பிரித்தார். லாசரு கதையிலும் அதுவே நடந்தது. போப் கிரகோரி செல்வனை யூத மக்களாகவும் லாசருவைப் புறஜாதியாராகவும் கண்டார். பின்வந்த சிலர் இன்னும் போனார்கள்: செல்வன் யூதா, ஏனென்றால் லேயாளின் வயிற்றில் யூதாவுக்கு ஐந்து சகோதரர், இரத்தாம்பரம் அரசுரிமை, மெல்லிய உடை ஆசாரியத்துவம்.

எண்கள் பொருந்துவது வியப்புத்தான். ஆனால் இந்த வாசிப்பில் லாசருவின் பசி காணாமல் போகிறது. வாசலில் கிடக்கும் ஏழை ஒரு ஜாதியின் சின்னமாகிவிடுகிறான். அதோடு, யூதர் முழுவதையும் பாதாளத்தில் வைத்த இத்தகைய வாசிப்புகள் நூற்றாண்டுகளாக அவர்கள்மேல் வெறுப்பை வளர்க்கத் துணைபோயின. யெகோவாவின் சாட்சிகள் செல்வனை மதத் தலைவர்களாகவும், மரணத்தை நிலை மாற்றமாகவும் விளக்குவதும் கூறு கூறாகப் பொருத்தும் இதே முறைதான்.

1888-இல் ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் யூலிஷர் இந்தப் பழக்கத்தை உடைத்தார்: உவமைக்கு ஒரே மையப் பொருள் என்றார். அது சற்று மிகை. விதைக்கிறவன் உவமையே அதற்கு இடம் தராது. ஆனால் சுமையைக் குறைக்க அவர் விதி இன்றும் உதவும்.

## படிக்கும் முறை

1. முன்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 16:13-இல் தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய முடியாது என்ற சொல். 16:14-இல் பொருளாசைக்காரரான பரிசேயர் பரியாசம் பண்ணுகிறார்கள். கதை அவர்களுக்கு. சாவைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.
2. அதே நூலில் அதே சொல்லைத் தேடுங்கள். 6:24-இல் ஐசுவரியவான்கள் தங்கள் ஆறுதலை 'அடைந்து தீர்ந்தது' என்று ஐயோ சொல்லப்படுகிறது. 16:25-இல் லாசரு 'தேற்றப்படுகிறான்'. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வேர்.
3. கதை எதற்கு அதிக இடம் தருகிறது என்று எண்ணுங்கள். அக்கினிக்கு ஒரு வசனம், சகோதரருக்கு ஐந்து. ஆய்வாளர் யெரெமியாஸ், ஐசுவரியவானையும் சேர்த்து, இதை 'ஆறு சகோதரர் உவமை' என்றே அழைக்கலாம் என்றார்.
4. கதை கைகாட்டும் வசனங்களைத் திறந்து பாருங்கள். 'மோசேயும் தீர்க்கதரிசிகளும்' என்பது பொத்தாம்பொதுவான சொல் அல்ல. உபாகமம் 15:7-11 எளியவனுக்குக் கையைத் திறக்கச் சொல்கிறது. ஏசாயா 58:7 பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிரச் சொல்கிறது. ஐசுவரியவான் மீறியது என்ன என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.
5. கடைசியாக மட்டும் துணுக்குகளுக்கு வாருங்கள். கதையிலிருந்து நீக்கினால் பொருள் குலையுமா என்று கேளுங்கள். வாசலை நீக்கினால் கதையே இல்லை. நாய்களை நீக்கினால் வலி குறையும், பொருள் நிற்கும்.

## அப்படியானால் மறுமை பற்றி என்ன சொல்வது

உவமை என்று சொன்னதால் மறுமை மறுக்கப்படுவதில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி இதை உவமை என்றே குறிப்பிட்டு, இறந்ததும் தனித்தீர்ப்பு உண்டு என்ற போதனைக்குப் பிற வசனங்களோடு சேர்த்து எடுத்துக்காட்டுகிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும் உவமை என்கிறார்கள்; ஆனால் 'மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்' என்ற பிரசங்கி 9:5-ஐ வைத்து எதிர்முடிவுக்கு வருகிறார்கள். மார்ட்டின் லூத்தர் 1520-களில் இந்தப் பகுதியைப் பிரசங்கித்தபோது, ஆபிரகாமின் மடி என்பது தேவனுடைய வார்த்தை என்றும், இங்கே சொல்வது நியாயத்தீர்ப்பு நாளின் நரகம் அல்ல என்றும், உரையாடல் மனச்சாட்சியில் நடக்கிறது என்றும் விளக்கினார். அவர் மறுமையை மறுத்தவர் அல்லர்.

எந்த முடிவுக்கு வந்தாலும் அதை லூக்கா 23:43, யோவான் 5:28-29, 2 கொரிந்தியர் 5:8, பிலிப்பியர் 1:23, பிரசங்கி 9 போன்ற பகுதிகளில் வைத்து நிறுவ வேண்டும். இந்த உவமையிலிருந்து வெப்பநிலையும் தூரமும் கேட்கக் கூடாது. அது கேட்கும் கேள்விக்குத்தான் அதனிடம் பதில் வேண்டும்.

அந்தக் கேள்வி ஐந்து சகோதரரைப் பற்றியது. ஐசுவரியவானின் கதை முடிந்துவிட்டது, லாசருவின் கதையும் முடிந்துவிட்டது. அவர்கள் ஐவர் மட்டும் தகப்பன் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டார்களா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை. 31-ஆம் வசனத்தில் ஆபிரகாமின் பதிலோடு நிறுத்திவிட்டு, 17-ஆம் அதிகாரத்தில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.